எண்ணெயும் மலையேறும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி வளைவு தாண்டியதும் ஓரமாக நிற்கும் பைக்குகளைப் பார்க்கலாம். ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் கணுக்காலைத் தடவிக்கொண்டிருப்பார். இன்ஜினிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சூடு ஆறும் சத்தம் வரும். கூட வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இன்ஜின் மேல் ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். குரங்குகள் வேடிக்கை பார்க்கும்.

ஊற்ற வேண்டாம். சுட்டுக் கிடக்கும் உலோகத்தில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கும். கேஸ்கெட் போகலாம், விரிசல் விழலாம். பாட்டிலில் இருப்பதை நீங்களே குடித்துவிடுங்கள். இன்ஜின் தானாக ஆறும்.

கேள்வி வேறு. கீழே சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. ஏற ஏறக் காற்று குளிர்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு, சேலத்தைவிட ஏழெட்டு டிகிரியாவது குறைவாக இருக்கும். நமக்குச் சட்டைப் பொத்தானைப் போடத் தோன்றுகிறது, வண்டிக்கோ கொதிக்கிறது. குளிர்ந்த ஊருக்குப் போகும் வழியில் இன்ஜின் ஏன் சூடாகிறது?

“மலையேறுது, கஷ்டப்படுது, சூடாகுது” என்று மெக்கானிக் ஒரே வரியில் சொல்லிவிடுவார். சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் இரண்டு ஆட்களுமாக 330 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் தூக்க வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றல், உங்கள் வீட்டு மின்கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். அவ்வளவுதான். டயர் உருள்வதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் சேர்த்தால் ஒன்றரை யூனிட் வரும்.

இப்போது அதே வண்டியை நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறீர்கள். அங்கே காற்றைக் கிழிப்பதுதான் பெரிய வேலை. நிமிடக் கணக்கில் பார்த்தால், மலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் செய்வதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இன்ஜின் அங்கே உழைக்கிறது. ஆனால் நாமக்கல் வரை போய் இறங்கினாலும் கால் சுடுவதில்லை. ஆக, கஷ்டப்படுவதால்தான் சூடாகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, சூடு எப்படி வெளியே போகிறது என்பதில் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏறுவதற்குக் குழாயை மட்டும் குற்றம் சொன்னால் போதாது, வடிகால் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் மூன்று பங்கும் வெப்பம். அதில் ஏறத்தாழ பாதி சைலன்சர் வழியாக ஓடிவிடும். மறுபாதி இன்ஜின் உடம்பிலேயே இறங்கும். ஏற்காட்டுக்கு ஏறும் நாற்பது நிமிடமும், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை இன்ஜினுக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டதற்குச் சமம் இது. காற்றால் குளிரும் இன்ஜினில் இந்தச் சூட்டை எடுத்துப்போக எதிர்க்காற்றை விட்டால் நாதியில்லை. வேகம் 80லிருந்து 27க்கு, அதாவது மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், காற்று எடுத்துப்போகும் சூடு ஏறத்தாழ பாதியாகிறது. முன்னால் ஒரு பேருந்து மாட்டிக்கொண்டு நீங்கள் பத்துக் கிலோமீட்டரில் ஊர்ந்தால் கால்வாசிதான். உற்பத்தியாகும் சூடோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. முதல் கியரில், இரண்டாவது கியரில் இன்ஜின் அதிக முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு உண்டு. வளைவில் அரைக் கிளட்ச் பிடித்து உறுமினால் அந்த உராய்வுச் சூடும் சேரும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடப்பதால், அந்தச் சூடு நேராக எண்ணெய்க்குப் போகிறது.

மேலே இருக்கும் குளிர்க்காற்று உதவாதா? உதவும், ஆனால் அது இளைத்த காற்று. ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. எட்டு டிகிரி குளிர்ச்சி தரும் லாபத்தை, காற்று மெலிந்ததால் வரும் நட்டம் கிட்டத்தட்டத் தின்றுவிடுகிறது. வரவும் செலவும் சரி.

இனி எண்ணெய்க்கு வருவோம். இன்ஜினுக்கு வெளியே தெரியும் செதில்களை, மெக்கானிக் ‘ஃபின்’ என்று சொல்வதை, நாம் வெப்பச் செதில் என்போம். அது சிலிண்டரின் வெளிப்புறத்தைத்தான் ஆற்ற முடியும். பிஸ்டன் உள்ளே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அடிவயிற்றுக்கு எந்தக் காற்றும் போகாது. எண்ணெய் போகும். பம்பு ஏற்றிவிடும் எண்ணெய் வால்வுப் பக்கம் பாய்ந்து, பிஸ்டன் அடியில் தெறித்து, சூட்டைச் சுமந்துகொண்டு கீழே வழிந்து தொட்டிக்கு வருகிறது. வழுக்கிவிடுவதற்காக ஊற்றுகிறோம் என்று நாம் நினைத்திருக்கும் எண்ணெய், கூலி வாங்காத சுமைதூக்கியாகவும் இருக்கிறது.

சுமை கூடினால் அது தளரும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுப்பில் தளதளவென்று ஓடும் வெல்லப்பாகு, இறக்கி வைத்தால் இழுபடுகிறது. திரவம் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் இந்தக் குணத்துக்குப் பாகுநிலை என்று பெயர். நல்ல பெயர், அடுப்படியிலிருந்து வந்தது. எண்ணெய் டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பது பாகுநிலையின் பதம்தான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முன்னால் இருக்கும் எண், குளிரில் எப்படி இருக்கும் என்பதற்கு. பின்னால் இருக்கும் 50, நூறு டிகிரியில் எப்படி இருக்கும் என்பதற்கு. நாற்பது டிகிரியில் இருந்ததைவிட நூறு டிகிரியில் இந்த எண்ணெய் எட்டு, ஒன்பது மடங்கு தண்ணியாகிவிடும். 140 டிகிரிக்குப் போனால் அந்த நூறு டிகிரிப் பதத்திலும் பாதிக்குக் கீழே.

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நின்று இரும்பை இரும்பு தொடாமல் காப்பது சில மைக்ரான் கனமுள்ள எண்ணெய்ப் படலம். தலைமுடியின் கனம் எழுபது மைக்ரான் என்றால் புரியும். பதம் இளகினால் படலம் கிழியும். “சீஸ் ஆயிடுச்சு சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்பது அப்போதுதான். இதைவிட மெதுவான கேடு ஒன்றும் இருக்கிறது. சூடான எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். வடை சுட்ட எண்ணெய் கறுப்பதைப் போல. பத்து டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 90 டிகிரியில் ஓடும் எண்ணெயைவிட 130இல் ஓடுவது பதினாறு மடங்கு வேகமாகக் கெடும்.

சரி, எப்படி ஆற்றுவது? புளியோதரைக்குச் சாதத்தை வடித்ததும் என்ன செய்கிறோம்? அண்டாவிலேயே வைத்தால் மதியம் வரை ஆறாது. தாம்பாளத்தில் பரப்புகிறோம். பரப்பு கூடினால் காற்றுக்குப் பிடி கிடைக்கிறது. ஆயில் கூலர் என்னும் எண்ணெய்க் குளிர்விப்பான் செய்வது இவ்வளவுதான். எண்ணெயை ஒரு குழாய் வழியாக வெளியே கொண்டுவந்து, தட்டையான சிறு குழாய்களில் மெல்லியதாகப் பிரித்து, அவற்றுக்கு நடுவே மடித்து மடித்து வைத்த உலோகத் தகடுகளின் ஊடே காற்றை விட்டு, ஆறிய எண்ணெயைத் திரும்ப உள்ளே அனுப்புகிறது. கைக்குள் அடங்கும் பெட்டிதான், ஆனால் தகடுகளை விரித்துப் போட்டால் அதைப்போலப் பல மடங்கு பரப்பு வரும்.

அந்தத் தகடுகள் அலுமினியம். வார்ப்பிரும்பைவிட நாலைந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்புதான், அதனால்தான் அது சூட்டை எளிதில் விடாது. அலுமினியத்துக்கும் இந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு. சேர்வராயன் மலையின் உச்சியில் கோயிலைச் சுற்றியுள்ள மேட்டுநிலம், பாறை பல லட்சம் ஆண்டு மழையில் கரைந்து பாக்சைட்டாக மாறிய நிலம். அலுமினியத்தின் தாது அது. 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மால்கோ ஆலைக்கு ஏற்காட்டு பாக்சைட் போனது. அடிவாரத்திலோ, சேலத்தை ஒட்டி வெள்ளையாகத் தெரியும் கரடுகளில் மேக்னசைட். உருக்காலை உலைகளுக்கு உள்ளே பதிக்கும் செங்கல் அதிலிருந்து வருகிறது. கீழே சூட்டைத் தாங்கும் கல், மேலே சூட்டைத் துரத்தும் கல். நடுவில் 20 வளைவும் நம் பைக்கும்.

ஆயில் கூலர் ஒன்றும் புது வித்தை இல்லை. 1985இல் சுசுகி தன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 வண்டியை எண்ணெயாலேயே ஆற்றிக் காட்டியது. இங்கே பஜாஜ் பல்சர் 220இலும், 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், ஓசூர்க்காரரான டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி இரண்டிலும் அது கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. அப்படியிருக்க, நம் பழைய வண்டிக்கும் ஒன்று வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்கிறவர்கள் பலர். மாட்டலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் எண்ணெய் எத்தனை டிகிரியில் ஓடுகிறது?

“கை வைக்க முடியலண்ணா, அவ்ளோ சூடு” என்பதுதான் வழக்கமாக வரும் பதில். நம் தோலுக்கு 45 டிகிரியைத் தாண்டினாலே வலி தொடங்கிவிடும். அதற்கு மேல் எழுபதும் ஒன்றுதான், நூற்றிருபதும் ஒன்றுதான். தோசைக்கல்லில் தெளிப்பதைப் போல ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சுர்ரென்று போனால் நூறைத் தாண்டியிருக்கிறது என்று தெரியும், எவ்வளவு தாண்டியது என்று தெரியாது. அதுவும் வெளி உலோகத்தின் சூடுதான். எண்ணெய்க்குக் காய்ச்சலா என்று பார்க்க, எண்ணெய்க்குள் வெப்பமானி வேண்டும். பைக் கடைகளில் அதை டெம்பரேச்சர் மீட்டர் என்பார்கள்.

இதில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகும் சின்ன முள் மீட்டர் ஒன்று. அதன் கோலுக்குள் இருப்பது ஈருலோகச் சுருள். சூட்டில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டவைத்தால் பட்டை வளையும், வளைவு முள்ளைத் திருப்பும். உங்கள் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைவது இதே வித்தையால்தான். மற்றது, ஹேண்டில்பாரில் எண் காட்டுவது. அதன் முனையில் இருப்பது வெப்பத் தடையம், ஆங்கிலத்தில் தெர்மிஸ்டர். சூடேறினால் மின்சாரத்துக்குத் தடை குறையும் பொருள். உலோகங்கள் நேர் எதிர், அவற்றில் தடை கூடும். வெள்ளி சல்பைடு இப்படி ஏறுக்குமாறாக நடப்பதை 1833இலேயே மைக்கேல் ஃபாரடே கவனித்து எழுதிவைத்தார். ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல மாட்டும் மூன்றாவது வகையும் உண்டு. அது சிலிண்டர் தலையின் சூட்டைக் காட்டும். அங்கே 180 என்று எண் வந்தால் பதற வேண்டாம், அது எண்ணெயின் சூடு இல்லை.

வாங்கிய மீட்டர் உண்மை பேசுகிறதா என்று எப்படித் தெரியும்? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி இது. வண்டியில் மாட்டுவதற்கு முன் அடுப்படிக்குக் கொண்டுபோங்கள். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடியைத் தொடாமல் முனையை மட்டும் அதில் தொங்கவிடுங்கள். நூறு காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். சேலத்தில் அது 99தான் காட்டும். ஏற்காட்டில் அதே மீட்டர் 95 காட்டும். மீட்டரைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது. தண்ணீர் கொதிப்பது என்றால் நீராவி மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு எழுவது. உயரத்தில் காற்று இலேசு, தள்ளுவது சுலபம், சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஏற்காட்டு வீடுகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதற்குக் காரணம் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலை உயரத்தை அளக்கவே இதைப் பயன்படுத்தினார்கள். இமயமலையில் செடி சேகரிக்கப் போன ஜோசப் ஹூக்கர், கணவாய்களில் தண்ணீர் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்து உயரத்தைக் குறித்துக்கொண்டார். நீங்கள் அதையே தலைகீழாகச் செய்கிறீர்கள். உயரம் தெரியும், அதைக்கொண்டு வெப்பமானியைச் சோதிக்கிறீர்கள். உருகும் ஐஸ்கட்டித் தண்ணீரிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், அங்கே பூஜ்யம். இரண்டு முனையும் சரியாக இருந்தால் நடுவே அது பெரிதாகப் பொய் சொல்லாது.

மாட்டியபின் முள் என்ன காட்டினால் நல்லது? 90 முதல் 110 வரை இன்ஜின் சுகமாக இருக்கிறது. மலையேற்றத்தில் 120ஐத் தொட்டால் தவறில்லை, கொஞ்ச நேரம்தான். 130ஐத் தாண்டி அங்கேயே நின்றால் யோசிக்க வேண்டும், சாதாரண மினரல் எண்ணெய் ஊற்றியிருந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும். கீழ்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் கணக்கு. பெரும்பகுதி சைலன்சரில் ஆவியாகப் போய்விடும். துளியூண்டு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிவிடும். சூடே ஏறாமல் அறுபதிலும் எழுபதிலும் ஓடிக்கொண்டிருந்தால் தங்கிவிடும். மூடியைத் திறந்தால் உள்ளே மோர் கடைந்ததைப் போல வெளுத்த நுரை இருக்கும். டிசம்பர் காலையில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும். அந்தக் குளிரில் நீளமான இறக்கத்தில் ஆயில் கூலரோடு போகிற வண்டியின் எண்ணெய்க்கு இந்த நோய் சுலபமாக வரும்.

அதனால் நல்ல கூலரில் ஒரு வெப்பக் கதவு, அதாவது தெர்மோஸ்டாட், இருக்கும். உள்ளே ஒரு குப்பி மெழுகு. எண்ணெய் எண்பது டிகிரிக்கு மேல் போனால் மெழுகு உருகிப் பருக்கும், ஓர் ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும், எண்ணெய் கூலருக்குப் போகும். அதுவரை கூலர் இருந்தும் இல்லாத மாதிரி. அது இல்லாத மலிவான கூலர் வாங்கியவர்கள் குளிர்காலத்தில் முன்னால் ஓர் அட்டையைச் செருகி மூடிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கேலி செய்ய ஒன்றுமில்லை, அதே வேலையைக் கையால் செய்கிறார்கள்.

பொருத்தும் வேலையில் அறிவியலைவிட நிதானம்தான் அதிகம் தேவை. எண்ணெயை எங்கே எடுப்பது, எங்கே திருப்பி விடுவது என்பதை உங்கள் இன்ஜின் தெரிந்த ஆளிடம் விடுங்கள். பல வண்டிகளில் ஃபில்டர் மூடியை மாற்றி அங்கிருந்து எடுப்பார்கள். கூலரை முன்சக்கரத்துக்குப் பின்னால், காற்று நேராகப் படும் இடத்தில், சேறு அடிக்காத உயரத்தில் வைக்க வேண்டும். வைத்தபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். கொண்டை ஊசியில் அந்த அளவு ஒடிப்பீர்கள். குழாய் எங்கும் இழுபடவோ சக்கரத்தில் உரசவோ கூடாது. சூடும் எண்ணெயும் தாங்கும் குழாய் மட்டுமே போட வேண்டும், பெட்ரோல் டியூப் கூடாது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெய் அளவைத் திரும்பப் பார்த்து ஊற்றுங்கள், கூலரும் குழாயும் கொஞ்சம் குடித்திருக்கும். ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பாருங்கள். ஏறும்போது ஒரு மூட்டு கசிந்தால் இன்ஜின் போகும் என்பது சின்ன விஷயம். அந்த எண்ணெய் பின்டயரில்தான் விழும்.

ஒழுங்காகப் பொருத்திய சின்னக் கூலர் எண்ணெயைப் பத்து, பதினைந்து டிகிரி இறக்கும். அதற்கு மேல் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்தால் கூலருக்கும் காற்று கிடைக்காது.

எனவே முதலில் மீட்டரை மட்டும் வாங்குங்கள். இரண்டு பேராக, வெயில் நாளில், ஏற்காட்டுக்கு ஏறுங்கள். 20ஆவது வளைவில் முள் 120க்குக் கீழே நின்றால் உங்கள் வண்டிக்கு ஆயில் கூலர் தேவையில்லை. அந்தக் காசுக்குப் புது பிரேக் பேடு போடுங்கள். ஏறும்போது சேர்த்த அந்த ஒரு யூனிட்டில் ஒரு பகுதி இறங்கும்போது அங்கேதான் சூடாக இறங்குகிறது.